ஊதா விளக்கின் கீழ் பூட்டன்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
8.10.1985

அன்புள்ள பேர்ளி அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் ஷெல்லடிக்குத் தப்பி இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

உடனே விஷயத்துக்கு வந்தால் "காரியம் இருந்தால்தான் இவனுக்கு அக்கா ஞாபகம் வரும்" என்பீர்கள். ஆகவே முதலில் ஊர்ப் புதினம். ரூ காய் என்ற தெருவில் இன்னொரு தமிழ்க் கடை திறந்திருக்கிறார்கள். முருங்கைக்காய் வருகிறது, அக்கா! காய்ந்து சுள்ளியாகத்தான் வருகிறது. ஆனாலும் இங்குள்ள ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்து வாங்குகிறார்கள். என் அறையில் இருக்கும் மகேந்திரராசா அதை வைத்துக் குழம்பு என்று ஒன்று வைத்தான். மூன்றாம் மாடி மதாம் வந்து கதவைத் தட்டினாள். அவ்வளவு மணம்.

இனிக் காரியம். நான் வேலை செய்வது சந்தோவான் பழைய சாமான் சந்தையில், மதாம் ஜெனவியேவ் என்பவரிடம். அவர் பழைய புகைப்படங்கள் மட்டுமே விற்பவர். நான் பெட்டி தூக்குகிறேன். "மடுத்தீன் பாரிஸில் போட்டோக் கொம்பனியில் இருக்கிறான்" என்று நீங்கள் ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருப்பதாக அறிந்தேன். பொய்யென்று சொல்லமாட்டேன், பெட்டிக்குள் இருப்பது போட்டோதான்.

தூக்கித் தூக்கியே கொஞ்சம் தொழிலும் பிடிபட்டுவிட்டது. நூறு வருடத்துப் படத்தின் தாள் வெங்காயத் தோல் போல மெல்லியது. தனியே விட்டால் சுருண்டுவிடும், அதனால் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். தாளின் மேல் முட்டை வெள்ளைக்கரு பூசியிருப்பார்கள், நீங்கள் நத்தார் கேக்குக்கு அடிக்கிற அதே வெள்ளைக்கரு. பூதக்கண்ணாடி வைத்தால் படத்துக்கூடாகத் தாளின் நார் தெரியும். பின்னாளில் அச்சகத்தில் அடித்ததென்றால் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

மதாமிடம் ஹோல்கம் என்று ஓர் அமெரிக்கர் வருகிறார். இங்கே வங்கியொன்றில் பெரிய வேலை. ஆனால் உயிர் முழுவதும் பேஸ்போல் படங்களில். அது அவர்கள் நாட்டு விளையாட்டு. கிட்டியையும் கிளித்தட்டையும் ஒன்றாகக் கலந்த மாதிரி ஒன்று. அவர் சொல்கிறார், 1889இல் அமெரிக்க ஆட்டக்காரர் கூட்டமொன்று கப்பலில் உலகம் சுற்றி வந்து, கொழும்பிலும் இறங்கி ஒரு பின்னேரம் ஆடியதாம். அந்தப் பயணத்துப் படங்கள் அவரிடம் நிறைய இருக்கின்றன. கொழும்பில் எடுத்தது மட்டும் இல்லையாம். இதைக் கேட்டபோது என் கையில் இருந்த பெட்டி விழப் பார்த்தது.

நம் வீட்டு முன்னறையில் தொங்குவது வேறு என்ன? கையில் தடியோடு மீசைக்கார வெள்ளையர் கூட்டம், ஓரத்தில் அவர்களின் கோட்டுகளைப் பிடித்தபடி பூட்டன் சவிரிமுத்து. அம்மா அவர்களைக் கிரிக்கெட்காரர் என்றுதானே சொல்லி வந்தார்? கிரிக்கெட்காரர் அல்ல, அக்கா.

மதாமிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "அது உண்மையான படமென்றால், மடுத்தீன், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நீயே காட்டு. இனிப் பெட்டி தூக்க வேறு ஆள் பார்ப்போம்." இங்கே வந்த நாளிலிருந்து நான் எந்த மேசைக்கும் அந்தப் பக்கம் இருந்ததில்லை. படத்தை அனுப்பி வையுங்கள். விற்கப் போவதில்லை. காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் தம்பி
மடுத்தீன்


குருநகர்
2.11.1985

அன்புத் தம்பி மடுத்தீனுக்கு,

யேசுவின் கிருபையால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இன்று கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனோம். கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதும் பாதிச் செபத்தில் ஓடி வந்துவிட்டோம். அம்மா கோபிக்கமாட்டார், அவரும் பயந்த சுபாவம்தானே.

உன் கடிதத்தை வழமைபோல அத்தான்தான் வாசித்தார். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் இந்த ஒழுங்கையில் கேட்டுக் கேள்வி கிடையாது, தபால்காரனுக்குப் பின்னாலேயே வந்து விறாந்தையில் இருந்துவிடுகிறார்கள். மகாலிங்கத்தார் வந்தார், தில்லைநாயகி அக்கா பேரப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தான் கோயிலில் வேதாகம நிருபம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். நீ பெட்டி தூக்குகிறாய் என்ற இடம் வருவதை நான் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் காட்டினேன். மனுசன் கவனித்தால்தானே! அந்த இடத்தைத்தான் இன்னும் நிறுத்தி வாசித்தார். தில்லைநாயகி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு உன்னை நேரில் கண்டால் காதைத் திருகுவேன்.

படம் தர எனக்கு மனமில்லை. அம்மா சாகும்போது என் கையில் தந்தது. உன் அத்தான்தான் "தம்பி அங்கை தனிச்சு நிண்டு தலையெடுக்கப் பாக்கிறான், குடும்" என்றார். அவரே ஆணி வளையாமல் சட்டத்தைக் கழற்றினார். பிறகு தன் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் பலகை அட்டை கொண்டு வந்து, இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார். படம் ஆள் முன்னால் வைக்கிற நிலையிலா இருந்தது? இத்தனை வருடத்து விளக்குப் புகையும் பூச்சி எச்சமும். வெள்ளைக்காரர் பார்க்கப் போகிற படம் என்றபடியால் ஒருமாதிரி ஆளாக்கி அனுப்புகிறேன். பதிவுத் தபாலில் வருகிறது.

இப்போது முன்னறைச் சுவரைப் பார்க்க என்னவோ போல் இருக்கிறது. கவனமாக வைத்திரு. குளிருக்குத் தலையை மூடு.

அக்கா பேர்ளி


பாரிஸ்
10.12.1985

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. நேராகச் சொல்கிறேன்.

நேற்று ஹோல்கம் வந்தார். மதாம் எனக்குக் கதிரை போட்டார், மேசைக்கு அந்தப் பக்கம். மகேந்திரராசாவிடம் டை வாங்கிக் கட்டியிருந்தேன். வெள்ளைச் சட்டையை முதல் நாளே தோய்த்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும்கூட வந்து நின்றார்கள். நான் படத்தை விரித்தேன். ஹோல்கம் மூச்சு விடாமல் பார்த்தார். "கோட்டுகளோடு நிற்கும் இவர் யார்?" என்றார். "என் பூட்டன்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று எழுத? அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பக்கத்துக் கடைக்காரர் தபால்தலை விற்பவர். கள்ளத் தபால்தலை பிடிக்க அவரிடம் ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. இந்த முப்பது முப்பத்தைந்து வருடத்துக்குள் செய்த தாளில் வெள்ளையாக்க ஒரு மருந்து சேர்க்கிறார்களாம். அந்த விளக்கின் கீழ் பிடித்தால் அது நீலமாக ஒளி விட்டு எரியும். பழைய தாள் எரியாது. திரையை இழுத்து இருட்டாக்கி விளக்கைப் போட்டார்கள். ஹோல்கம் கொண்டு வந்திருந்த படங்கள் எல்லாம் கரும்பலகை போலக் கிடந்தன. நம்முடையது எரிந்தது, அக்கா. பூட்டனும் மீசைக்காரரும் அட்டையும் எல்லாம் பளீரென்று எரிந்தன. என் சட்டைக் கொலரும் எரிந்தது, அதைக் கண்டு ஒருவர் சிரித்தார். ஹோல்கம் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். "உங்கள் பூட்டனார் போன வருடம்தான் பிறந்தாரா?" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. திரையைத் திறந்துவிட்டு, "மடுத்தீன், வான் வண்டியில் இன்னும் பெட்டி இருக்கிறது" என்றார்.

நான் டையோடு போய்ப் பெட்டி தூக்கினேன்.

இது நம் வீட்டில் தொங்கிய படம் இல்லை. புதுத் தாளில் எடுத்த பிரதி. நம் ஊரில் இவ்வளவு நேர்த்தியாகப் பிரதி எடுக்கக் கூடிய ஆள் யார்? சட்டத்தைக் கழற்றியது யார்? ஸ்ரூடியோவுக்குப் போய் வந்து கட்டியது யார்? எல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கர் ஒருவர் தேடுகிறார் என்று நான் எழுதியதும் அத்தானுக்கு ஆசை வந்துவிட்டது. அசலை எடுத்து வைத்துக்கொண்டு பிரதியை எனக்கு அனுப்பிவிட்டார். பெட்டி தூக்குகிறவனுக்கு வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது என்று நினைத்திருப்பார்.

மரியரட்ணம் அத்தான் ஒரு கள்ளன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. செய்தவருக்கல்லவா இருக்க வேண்டும்.

மடுத்தீன்


குருநகர்
4.1.1986

மடுத்தீனுக்கு,

உன் கடிதம் நத்தார் முடிந்த கையோடு வந்தது. கேக் மிச்சம் இருந்தது, வந்தவர்களுக்கு ஒவ்வொரு துண்டு கொடுத்தேன். எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். உன் மேசைக் கதையைக் கேட்க அவ்வளவு ஆசை. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடித உறையை நறுக்கென்று கத்தரித்து வாசிக்கத் தொடங்கினார்.

நீ டை கட்டிய இடத்தில் தில்லைநாயகி அக்கா கைதட்டினார். படம் எரிந்த இடத்தில் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். பிறகு அந்த இடம் வந்தது. நான் நிற்பாட்டுவார் என்று பார்த்தேன். மகாலிங்கத்தார்கூட "போதும் மாஸ்ரர், விடுங்கோ" என்றார். உன் அத்தான் நிற்பாட்டவில்லை. சட்டத்தைக் கழற்றியது யார் என்று வாசித்தார். மரியரட்ணம் அத்தான் ஒரு கள்ளன் என்று வாசித்தார். அதே நிருபக் குரலில், ஒரு சொல்லும் விடாமல், கீழே உன் பெயர் வரைக்கும் வாசித்தார். பிறகு மடித்து என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயில் இருந்ததை விழுங்க மாட்டாமல் இருந்தார்கள்.

என்னடா பிள்ளை நீ? என்னோடு தனியே கேட்க உனக்கு வழியில்லையா?

ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு முழுவதும் உன்னை ஏசினேன். அடுத்த நாள் சமைக்கும்போது, அவர் அன்று ஸ்ரூடியோவில் போய் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று யோசித்தேன். பலகை அட்டை எடுக்கவா அவ்வளவு நேரம்? முன்னமே எடுத்த பிரதியொன்றைக் கொண்டு வந்து, கட்டும்போது மாற்றிவிட்டாரோ? இவ்வளவு காலம் கூட இருந்த மனுசனைப் பற்றி இப்படி யோசிக்கிறேனே என்று என்னையே திட்டினேன். திட்டினாலும் யோசனை போகவில்லை. கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவருடைய ஸ்ரூடியோவுக்குப் பாஸ்போட் படம் எடுக்க வருகிற பெடியள்கூட "படம் மாறாதே மாஸ்ரர்?" என்று பகிடி விடுகிறார்களாம்.

இந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயிலில் நிற்கும் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் வந்து சத்தியம் பண்ணும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். "நீரும் கேக்கிறீரோ?" என்றார்.

பேர்ளி


பாரிஸ்
28.1.1986

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான்தான் உரத்து வாசிப்பார் என்பதை எழுதும்போது நான் மறந்துபோனேன். அவ்வளவு கோபம். அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

மற்றதற்கு என்ன சொல்ல? விளக்குக்கு அத்தானையும் தெரியாது, என்னையும் தெரியாது. அதற்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அத்தான் சத்தியம் பண்ணினால் பண்ணட்டும். அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர், அசலையும் கண்டுபிடித்துத் தரட்டும்.

படம் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை. சந்தையில் இப்போது எனக்கு "பூட்டன்" என்று பெயர். பெட்டி வேண்டுமென்றால் "பூட்டன், இங்கே வா" என்று பிரெஞ்சில் கூப்பிடுகிறார்கள். அதற்கும் போகிறேன்.

மடுத்தீன்


குருநகர்
20.2.1986

மடுத்தீனுக்கு,

உன் கடிதத்தில் அந்தோனியாரை வைத்து விட்ட பகிடியை வாசித்தேன். உனக்கு அது பகிடி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

பூசை முடிந்து பங்குச் சுவாமி உள்ளே போகும்வரை காத்திருந்தோம். அவருக்குத் தெரிந்தால் ஏசுவார். ஒழுங்கைச் சனம் பாதி நின்றது. ஒருவரையும் நான் கூப்பிடவில்லை, தாமாகவே நின்றார்கள். உன் அத்தான் வெள்ளை வேட்டியோடு சுருவத்துக்கு முன்னால் போய் மெழுகுதிரியைக் கையில் எடுத்தார். "இந்தப் படத்தை நான் பிரதி எடுக்கேல்லை, மாத்தேல்லை. மாத்தியிருந்தால் என்ரை ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்" என்றார். படம் பிடிக்கிற மனுசன், தம்பி. கண்ணை வைத்துச் சத்தியம் பண்ணினார். மெழுகு உருகிக் கையில் ஊற்றியது, கையை எடுக்கவில்லை. சொல்லும்போது அந்தோனியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் அந்த இடத்திலேயே செத்துப் போயிருக்கலாம்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். இவ்வளவு காலத்தில் நான் அவரை ஒரு கோப்பை கழுவ விட்டதில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கவும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். சத்தியம் பண்ணினவரைச் சனம் இப்போது நம்புகிறது. ஆனால் சத்தியம் பண்ண வைத்த பெண்சாதியை என்னவென்று நினைக்கும்?

நீ இன்னும் விளக்கு விளக்கென்று எழுதுகிறாய். அது எங்கள் வீட்டுப் படம்தான். என் கையால் அனுப்பிய எனக்குத் தெரியாதா? அவர் ஸ்ரூடியோவுக்குப் போன நேரத்தில் நானே தண்ணீர்ப் பேசினில் சவர்க்காரத் தூள் கரைத்து, துணியால் தோய்த்துத் தோய்த்து முன்னும் பின்னும் துடைத்து, நிழலில் காயவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பினேன். அழுக்குப் படத்தை வெள்ளைக்காரனுக்கு முன்னால் வைத்து நீ தலை குனியக் கூடாதென்று செய்தேன். அதற்கு நீ தந்த பரிசு இது.

இனி எழுதாதே.

பேர்ளி


பாரிஸ்
11.3.1986

என் அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதாமல் விட்டால் நான் மனுசனில்லை.

உங்கள் கடிதத்தை லா ஷப்பல் மெற்றோ நிலையத்தில் நின்று வாசித்தேன். சவர்க்காரத் தூள் என்ற சொல்லைக் கண்டதும் வந்த மெற்றோவை விட்டுவிட்டேன். அதற்கடுத்ததையும் விட்டேன். அன்று இருட்டில் என் சட்டைக் கொலர் எரிந்தது ஞாபகம் வந்தது. சட்டை எந்தப் புதுத் தாளில் செய்தது, அக்கா? அதைச் சவர்க்காரத் தூளில்தானே தோய்த்தேன்!

அடுத்த நாள் மதாம் எறிய வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றுக்கும் உதவாத பழைய படம் ஒன்றை எடுத்தேன். தபால்தலைக்காரரின் விளக்கில் பிடித்தேன், இருட்டாகக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டு போய்த் தூள் கரைத்துத் துடைத்துக் காயவைத்தேன். மகேந்திரராசா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தான். மறுபடி விளக்கில் பிடித்தால் நீலமாக எரிகிறது. தாளில் போடும் அதே மருந்தைத்தான், உடுப்பை வெள்ளையாகக் காட்டவென்று சவர்க்காரத் தூளிலும் போடுகிறார்களாம்.

பிறகு நம் படத்தைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்தேன். அன்று அவமானத்தில் நான் அதைச் சரியாகப் பார்க்கவேயில்லை. இப்போது பொறுமையாகப் பார்த்தால், எரிகிறது எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. கை போன வழியே கோடு கோடாக எரிகிறது. இடமிருந்து வலம், இடமிருந்து வலம், நீங்கள் மேசை துடைக்கிற மாதிரி. ஒரு மூலையில் தாள் அட்டையிலிருந்து கொஞ்சம் கிளம்பியிருக்கிறது. அதன் அடிப்பக்கத்துக்குத் துணி போகவில்லை. அங்கே இருட்டு. அசல் இருட்டு. மதாம் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார்.

ஹோல்கம் வந்தார், எழுந்து நின்று கை தந்தார். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது. அதில் இருக்கிறேன். ஆனால் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தது அத்தான். கழுத்தை நிமிர்த்தச் சொல்லி நாடியைப் பிடித்து உயர்த்திவிட்டவர். அவர் கையில் மெழுகு ஊற்றியிருக்கிறது.

இன்னொன்று. போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். அத்தான் உரத்து வாசிப்பார் என்பதை நான் மறக்கவில்லை. தெரிந்துதான் எழுதினேன். என்னைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்தது, அவரையும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் வாயாலேயே கள்ளன் என்று சொல்ல வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்படி ஒரு புத்தி எனக்குள் இருந்ததை நினைத்தால் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசுகிறது.

எல்லோரையும் கூப்பிடுங்கள். மகாலிங்கத்தாரையும் தில்லைநாயகி அக்காவையும் அன்றைக்கு இருந்த எல்லோரையும். இதையும் அத்தானே வாசிக்கட்டும். மற்றக் கடிதத்தைப் போலவே ஒரு சொல்லும் விடாமல் வாசிக்கட்டும். அந்த வெட்கம் எனக்கு வர வேண்டியது.

படத்தை அடுத்த தபாலில் அனுப்பவா? அத்தான் என்ன சொன்னாலும் அதுதான்.

உங்கள் தம்பி
மடுத்தீன்


குருநகர்
1.4.1986

அன்புத் தம்பி,

உன் கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. இப்போது எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடுப்படியில் நின்று தனியே வாசித்தேன். பாதியில் சோறு அடிப்பிடித்துவிட்டது, அதுகூடத் தெரியவில்லை. உன்னை ஏசினேன், அவரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் எல்லாம் என் கையால் நடந்த வேலை.

அவர் வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "இஞ்சேருங்கோ, படத்தை நான் சவர்க்காரத் தூள் போட்டுத் துடைச்சனான். அதாலைதானாம் எல்லாம்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் ஸ்ரூடியோவாலை வரேக்கை பேசினுக்கை நுரை கிடந்தது. படமும் ஈரம். அது காயட்டும் எண்டுதான் அட்டையைக் கட்டாமல் வைச்சிருந்தனான். தம்பியின்ரை கடுதாசியை வாசிக்கேக்கையே நினைச்சனான், இதாலை ஏதும் பிழைச்சிருக்குமோ எண்டு."

"பிறகேன் கோயில்லை அதைச் சொல்லேல்லை?"

கழற்றிய சட்டையை ஆணியில் கொழுவினார். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது? நீர் வெட்கப்பட்டுப் போவீர்" என்றார்.

தம்பி, அந்த மனுசனையா நான் மெழுகுதிரி பிடிக்க வைத்தேன்! பெரிய வெள்ளி முழுவதும் சிலுவைப்பாதையில் முட்டுக்காலில் இருந்தேன். ஒரு செபமும் மனதில் நிற்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சனத்தை மறித்தேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "எங்கடை ஆளிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் சவர்க்காரம் போட்டுப் படத்தைக் கழுவினனான். தெரியாமல் அவரைச் சத்தியம் பண்ண வைச்சதும் நான்தான்" என்றேன். சிலர் சிரித்தார்கள். படத்தைத் தோய்ச்ச பேர்ளி என்று இனி இந்த ஒழுங்கையில் எனக்குப் பெயர் நிற்கும். நிற்கட்டும். அவர் தூரத்தில் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில், "உதெல்லாம் ஏன் சொன்னனீர்?" என்று மட்டும் கேட்டார். பின்னேரம் சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பினார். நான் அதைக் கழுவும்போது அழுதேன்.

படத்தை அனுப்ப வேண்டாம். இங்கே கூரை நிற்பதே பெரிய காரியம். அங்கே இருக்கட்டும் என்று அவரும் சொல்கிறார்.

நேற்று மகாலிங்கத்தார் படலையடியில் வந்து நின்று செருமினார். "பாரிஸாலை கடுதாசி வந்ததாமே மாஸ்ரர்" என்றார். ஒவ்வொருவராக வந்து, முன்பு இருந்த அதே இடங்களில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். உன் அத்தான் என்னிடம் கையை நீட்டினார், கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சவர்க்காரத் தூளையும் சட்டைக் கொலரையும் மூலையில் இருந்த இருட்டையும் பழைய குரலில் வாசித்தார். உன் கதிரை இடத்தில் தில்லைநாயகி அக்கா கண்ணைத் துடைத்தார்.

பிறகு, "இன்னொன்று" என்று நீ தொடங்கிய இடம் வந்தது. அவர் நிறுத்தினார். கண் மட்டும் வரிகளில் போய்க்கொண்டிருந்தது. தாளைத் திருப்பினார், தொண்டையைச் சரி செய்தார். "படத்தை அடுத்த தபாலில் அனுப்பவா" என்பதிலிருந்து வாசித்தார்.

இடையில் விட்டது விறாந்தையில் ஒருவருக்கும் தெரியாது. நான் முன்னமே வாசித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. நீயும் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உன் அக்கா
பேர்ளி